ரீஜென்சி நாவல்களில் காதலும் கணக்கும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய பாணி ரீஜென்சி காதல் நாவல்களை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையை, நாற்பது ஆண்டுகளாக அவற்றைப் படித்துவருபவள் என்ற உரிமையில் மறுத்து எழுதுகிறேன்.

மூன்றாம் ஜார்ஜ் மன்னர் நோயுற்றதால் அவருடைய மகன் அரசப் பிரதிநிதியாக ஆண்ட 1811 முதல் 1820 வரையிலான 'ரீஜென்சி' காலமே இக்கதைகளின் களம். ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜெட் ஹேயர் 1935இல் 'ரீஜென்சி பக்' நாவலை எழுதி இந்த வகைக்கு வழி திறந்தார். பட்டாடைகளுக்காகவும் குதிரை வண்டிகளுக்காகவும்தான் இவை இன்றும் படிக்கப்படுகின்றன என்பது கட்டுரையாளரின் முடிவு. அன்றைய இங்கிலாந்துச் சட்டப்படி, தனியே ஒப்பந்தம் செய்துகொண்டாலொழிய, மணமானதும் பெண்ணின் பணமும் நகையும் கணவனுடையதாகிவிடும் என்பதையும், முழுமையான விவாகரத்துக்கு நாடாளுமன்றமே தனிச்சட்டம் இயற்ற வேண்டியிருந்தது என்பதையும் அவர் எண்ணிப் பார்க்கவில்லை. ஒரே ஆணுடன் ஓர் இரவில் இரண்டு நடனங்களுக்கு மேல் ஆடினால் ஊர் வாய்க்கு அவலாகிவிடும் என்ற நிலையில், அந்த இரண்டு நடனங்களுக்குள் அவனுடைய குணத்தை ஒரு பெண் அறிந்தாக வேண்டும். பெண் பார்க்க வந்தவருடன் பேசக் கிடைத்த கால் மணி நேரத்தை வைத்து வாழ்க்கையை முடிவு செய்த எனக்கு, இந்நாவல்களின் உரையாடல்கள் ஏன் அத்தனை கூர்மையாக இருக்கின்றன என்பதை யாரும் விளக்கத் தேவையில்லை.

ஹேயரின் 'எ சிவில் கான்ட்ராக்ட்' (1961) நாவலையே பாருங்கள். தந்தை வைத்துவிட்டுப் போன கடனால் ஜூலியாவைக் கைவிட்டு, பெரும் செல்வரான வணிகரின் மகள் ஜென்னியை மணக்கிறான் ஆடம். ஜென்னி அழகியல்ல, கணவனின் மனம் வேறிடத்தில் இருப்பதும் அவளுக்குத் தெரியும். ஆனாலும் அவனுடைய வசதிகளை ஒவ்வொன்றாகக் கவனித்து, தான் செய்வதாகக் காட்டிக்கொள்ளாமலேயே செய்கிறாள். நெப்போலியனுக்கு எதிரான வாட்டர்லூ போரின்போது லண்டனே தோல்விப் பீதியில் அரசுப் பத்திரங்களை விற்றுத் தள்ள, பிரிட்டிஷ் தளபதி வெலிங்டன் வெல்வார் என்று நம்பி ஆடம் அவற்றை வாங்குகிறான். மாமனாரின் பணத்துக்குக் கட்டுப்பட்டிருந்த நிலை அதனால் மாறுகிறது. அதன் பிறகும் ஜென்னியின் அருகிலேயே அவன் நிறைவு காண்கிறான் என்பதைப் படுக்கையறைக் காட்சி ஒன்றுகூட இல்லாமல் ஹேயர் சொல்லிவிடுகிறார்.

குறைகளும் உண்டு. 'தி கிராண்ட் சோஃபி' நாவலில் வட்டிக்குக் கொடுக்கும் யூதரை ஹேயர் வரைந்துள்ள விதம் இன்றும் என்னை வருத்துகிறது. அதைச் சுட்டிக்காட்டியிருந்தால் கட்டுரையாளரோடு உடன்பட்டிருப்பேன்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
மதுரை.