சித்தப்பாவைப் பற்றிச் சொல்லிவிட்டேன்

சுங்கை சிப்புட், மலேசியா,
ஞாயிறு இரவு

அன்புள்ள ராஜி,

தீபாவளிக்கு நீ எழுதியதற்கு இன்னும் பதில் போடவில்லை. கோபமாகத்தான் இருப்பாய், இருந்துவிட்டுப் போ. ஆனால் இதைப் படித்துவிடு. வாட்ஸ்அப்பில் இரண்டு வரியில் அடங்குகிற விஷயமில்லை. தொலைபேசியில் தொடங்கினால் பாதியில் அழுதுவிடுவேன், நீயும் அழுவாய், அப்புறம் யார் மீதியைச் சொல்வது? அதனால்தான் தாள் எடுத்து உட்கார்ந்தேன்.

இங்கே எல்லாரும் சுகம். முட்டிவலி அப்படியே. தோட்டத்தில் நம் லயத்து வீடுகள் இருந்த இடத்தில் நட்ட செம்பனை இப்போது தலைக்கு மேல் வளர்ந்துவிட்டது. மாரியம்மன் கோயில் மட்டும் அங்கேயே இருக்கிறது. திருவிழாவில் கிராணி வீட்டு அக்கா என்னைப் பிடித்து, "அந்த மெல்பர்ன்காரி தகர டப்பாவைத் திருப்பிக் கொடுத்தாளா?" என்று கேட்டார். கொடுக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். இனி உன் பாடு.

சரி. விஷயம் தம்பியைப் பற்றி.

2021-இல் அவன் மனைவி ஒன்பதே நாளில் இறந்துபோன பிறகு அவன் எப்படி ஆனான் என்று உனக்குத் தெரியும். அப்போது நீ பார்த்தது பாதிதான். லாரி ஓட்டப் போவான், வருவான், வாசல் நாற்காலியில் உட்காருவான். சாப்பிட்டாயா என்றால் தலையாட்டுவான். சட்டியைத் திறந்து பார்த்தால் வைத்தது அப்படியே இருக்கும். போன வருடம் கெஞ்சிக் கூத்தாடி கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். மனச்சோர்வு என்று சொல்லி ஃபுளுவாக்ஸிட்டின் கொடுத்தார்கள். நினைவு வந்தால் போடுவான், இல்லாவிட்டால் இல்லை. சாயங்காலமானால் கெத்தும் இலையைக் காய்ச்சிய தண்ணீர். பிளாஸ்டிக் பையில் ரப்பர் வளையம் போட்டு விற்கிறார்களே, அதுதான். முதலில் ஒரு பை, இப்போது மூன்று.

கெத்தும் பற்றி நான் கத்தியபோது அவன் சொன்ன பதில் என்ன தெரியுமா? "நம்ம ஊர் இலைதானே அக்கா." அந்த இலை நம் ஊருடையதுதான், மறுக்கவில்லை. வெயிலில் வேலை செய்தவர்கள் காலங்காலமாக அலுப்புக்கு மென்றது. கொஞ்சமாகக் குடித்தால் சுறுசுறுப்பு, அதிகமானால் அபின் மாதிரி மயக்கம். அதிலிருக்கும் மித்ராஜினின் என்ற பொருள், மூளையில் மார்ஃபின் மாதிரி வலி மருந்துகள் போய் ஒட்டும் அதே இடத்தில்தான் ஒட்டுகிறது. பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்தில் பல வருடமாக இதை ஆராய்கிறார்கள். தாய்லாந்து 2021-இல் தடையை எடுத்துவிட்டது. இங்கே இன்னும் நச்சுப் பொருள் சட்டம்தான், 10,000 வெள்ளி வரை அபராதம் அல்லது நான்கு வருடம் வரை சிறை. எனக்குச் சட்டத்தைவிட அவன் கைதான் கவலை. ஒரு நாள் குடிக்காவிட்டால் கை நடுங்குகிறது, மூக்கு ஒழுகுகிறது, உடம்பெல்லாம் குடைகிறது. அந்தக் கையால் லாரி ஓட்டுகிறான், ராஜி.

இந்த நிலைமையில்தான் பொங்கலுக்கு அவன் மகள் மீனா வந்தாள். சமையலறையில் என்னைத் தனியாக இழுத்துக் கைப்பேசியைக் காட்டினாள். ஒரு மலைப்பக்கத்து பங்களாவில் மூன்று இரவாம். அமேசான் காட்டு மூலிகைக் கஷாயம் கொடுப்பார்களாம். பத்து வருட மன வேதனையும் ஒரே இரவில் இறங்கிவிடுமாம். 7,500 வெள்ளி. 1,000 வெள்ளி முன்பணம் கட்டிவிட்டாள். பத்து நாளைக்கு முன்பு மாத்திரையை நிறுத்தினால் போதும் என்று நடத்துகிற ஆள் சொன்னாராம்.

எனக்கு வந்த கோபத்தில் கரண்டியைப் போட்டுவிட்டேன். ஆனால் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தேன். அம்மாவைப் பறிகொடுத்தவள், அப்பாவையும் விட்டுவிட மனமில்லாமல் அலைகிறாள். அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. ஒரு வாரம் பொறு, படித்துப் பார்க்கிறேன் என்றேன். ஒரு வாரம் மூன்று வாரமானது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரவெல்லாம் படித்தேன். பயிற்சிக் கல்லூரிப் பரீட்சைக்குக் கூட அப்படிப் படித்ததில்லை. நீதான் சாட்சி.

எல்லாம் பித்தலாட்டம் என்று நிரூபிக்கத்தான் தொடங்கினேன். அப்படி இல்லை. முதலில் என்னைப் பிடித்து உட்கார வைத்தது ஒரு கிழவியின் கதை. மெக்சிகோவில் ஒரு மலை ஊர், மசாதெக் இனத்துப் பெண், பெயர் மரியா சபினா. நோயாளி வந்தால் இரவில் மனதை மயக்குகிற காளான் கொடுத்து, தானும் தின்று, விடிய விடியப் பாடி, நோய் எங்கே இருக்கிறது என்று தேடுவார். நம் லயத்தில் மாரியம்மாப் பாட்டி வேப்பிலையோடு உட்காருவாரே, அந்த முகம்தான் எனக்கு வந்தது. 1955-இல் வாசன் என்ற அமெரிக்க வங்கி அதிகாரி அந்தச் சடங்கில் கலந்துகொண்டு, 1957-இல் பத்திரிகையில் எழுதிவிட்டார். அவ்வளவுதான், ஊரே கூட்டம். போதைக்காக வந்தவர்கள், கடவுளைத் தேடி வந்தவர்கள், வேடிக்கை பார்க்க வந்தவர்கள். பின்னாலேயே போலீஸ். ஊர்க்காரர்கள் கிழவியின் மேல் பழியைப் போட்டார்கள், வீட்டையும் கொளுத்தினார்கள். 1985-இல் ஏழையாகவே செத்துப் போனார். நோயாளிக்காக வைத்திருந்ததை வந்தவர் போனவருக்கெல்லாம் கொடுத்ததால் காளானின் வலிமை போய்விட்டது என்று பின்னால் வருந்தினாராம். அதைப் படித்துவிட்டு விளக்கை அணைத்துப் படுத்தேன், தூக்கம் வரவில்லை.

அதே காளானிலிருந்து சைலோசைபின் என்ற பொருளை 1958-இல் சுவிட்சர்லாந்தின் ஹாஃப்மன் பிரித்தெடுத்தார். அப்புறம் கொஞ்ச காலம் ஆராய்ச்சி. 1971-இல் ஐ.நா. உடன்படிக்கையோடு உலகம் முழுக்கக் கதவு சாத்தப்பட்டது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் 2006-இல் வெளியிட்ட ஆய்வுதான் அதை மறுபடியும் திறந்தது என்கிறார்கள். இப்போது உங்கள் ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலை 1 முதல், அனுமதி பெற்ற மனநல மருத்துவர்கள் மற்ற மருந்துக்கு இறங்காத மனச்சோர்வுக்கு இதை எழுதிக் கொடுக்கலாம். நீ வாயே திறக்கவில்லையே! இத்தனை வருடம் வார்டில் வேலை பார்த்தவள், எனக்கு ஒரு வரி எழுதக் கூடாதா?

2022-இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பல மருந்துக்கும் அசையாத 233 பேர். ஒரே ஒரு தடவை 25 மில்லிகிராம் கொடுக்கப்பட்டவர்களில் மூன்றாவது வாரம் 37 விழுக்காட்டினருக்குச் சோர்வு பாதியோ அதற்கு மேலோ குறைந்திருந்தது. பெயருக்கு 1 மில்லிகிராம் கொடுக்கப்பட்டவர்களில் அது 18 விழுக்காடு. ஒரே தடவைக்கு இவ்வளவா என்று எனக்கு மயிர் சிலிர்த்தது, உண்மையாகச் சொல்கிறேன். ஆனால் மீதி 63 விழுக்காட்டினர்? பன்னிரண்டாவது வாரம் பார்த்தபோது அந்த 37 விழுக்காடு ஏறக்குறைய 20-ஆக இறங்கியிருந்தது. சிலருக்குத் தற்கொலை எண்ணமும் வந்திருக்கிறது. "ஒரே இரவில் இறங்கிவிடும்" என்று அந்த ஆய்வில் ஒரு வரியிலும் இல்லை.

அப்புறம் அந்த மருந்தைக் கொடுக்கிற அறையைப் பற்றிப் படித்தேன். என் மனம் மாறியது அங்கேதான். மருந்துக்கு முன்பே பல நாள் உட்கார்ந்து பேசுகிறார்கள். அன்றைக்குப் படுக்கை, கண்ணுக்குத் துணி, மெல்லிய இசை. ஆறேழு மணி நேரமும் பயிற்சி பெற்ற இருவர் பக்கத்திலேயே இருக்கிறார்கள். பயந்தால் கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். முடிந்த பிறகும் பல நாள் அதைப் பற்றியே பேச வைக்கிறார்கள். தம்பியின் கையை அந்த மாதிரி ஒருவர் பிடித்து எத்தனை வருடமாயிற்று? நான் சோறு போடுகிறேன், சத்தம் போடுகிறேன். கையைப் பிடித்ததில்லை.

பங்களாக்காரர் கொடுப்பது காளான்கூட இல்லை, ராஜி. அயவாஸ்கா. மீனாவுக்கு இரண்டும் ஒன்றுதான், எனக்கும் முதலில் அப்படித்தான். அது ஒரு கொடியும் ஒரு இலையும் சேர்த்துக் காய்ச்சிய கஷாயம். இலையில் இருப்பது டி.எம்.டி. என்ற மனதை மயக்குகிற பொருள். தனியாகக் குடித்தால் வயிற்றிலேயே முறிந்துவிடும். அதை முறிக்கிற நொதியைக் கொடி கட்டிப்போடுகிறது, அதனால்தான் தலைக்கு ஏறுகிறது. காட்டில் இருந்தவர்கள் அந்த இரண்டையும் எப்படிக் கண்டுபிடித்துச் சேர்த்தார்களோ, அவர்களைக் கும்பிடத் தோன்றுகிறது. ஆனால் ஃபுளுவாக்ஸிட்டின் உடம்பில் இருக்கும்போது அந்த நொதியைக் கட்டினால் மூளையில் செரடோனின் என்ற வேதிப்பொருள் எல்லை மீறிப் போகும். காய்ச்சல், நடுக்கம், குழப்பம், உயிரே போகலாம். ஃபுளுவாக்ஸிட்டின் உடம்பைவிட்டு லேசில் போகிற மருந்து இல்லை. அதை நிறுத்திய பிறகு, அந்த நொதியைக் கட்டுகிற வகை மருந்தைத் தொடங்க டாக்டர்கள் ஐந்து வாரம் காத்திருப்பார்கள். அந்த ஆள் சொன்னது பத்து நாள்!

அவர்களுடைய பாரத்தை மீனாவிடம் வாங்கிப் பார்த்தேன். சைவமா அசைவமா, டி-சட்டை அளவு என்ன. கெத்தும் குடிப்பாரா என்று இல்லை. இதயக் கோளாறு உண்டா என்று இல்லை. இது பொய் மருந்தாக இருந்தால் 7,500 வெள்ளியோடு போயிற்று என்று விட்டிருப்பேன். வேலை செய்கிற மருந்து என்பதால்தான் எனக்கு இவ்வளவு பயம். அதோடு, இங்கே அது அபாயகரப் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருகிற பொருள். ஏதாவது ஆனால் அந்த பங்களாவில் எவன் ஆம்புலன்ஸைக் கூப்பிடுவான்?

இனிதான் நான் உனக்கு எழுத உட்கார்ந்த விஷயம்.

அந்த ஆய்வுகளில் யாரைச் சேர்ப்பதில்லை என்று ஒரு பகுதி வரும். குடும்பத்தில் மனச்சிதைவு நோய் இருந்தால் சேர்ப்பதில்லை. அப்பா அம்மா, உடன்பிறந்தவர்கள் மட்டுமல்ல, சில ஆய்வுகளில் சித்தப்பா, மாமா வரை கேட்கிறார்கள். உறங்குகிறதை இந்த மருந்து எழுப்பிவிடலாம் என்ற பயம்.

படித்ததும் எனக்குச் சித்தப்பாதான் கண் முன்னால் வந்தார். 1974-இல் தோட்டத்து லாரியில் ஏற்றினார்களே, நாம் இருவரும் ரப்பர் பால் வாளிக்குப் பின்னால் நின்று பார்த்தோமே. ரப்பர் மரங்கள் தன்னோடு பேசுகின்றன என்று சொன்ன மனுஷன். உன் அம்மா நம் இருவரையும் ரயிலில் தஞ்சோங் ரம்புத்தான் மனநல ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனது நினைவிருக்கிறதா? காய்கறிப் பாத்தியில் நின்றார். முறுக்கை வாங்கி, உடைத்து, முதல் துண்டை உன்னிடம்தான் கொடுத்தார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அவர் பெயரை யாரும் எடுக்கவில்லை. கல்யாணப் பேச்சு கெட்டுப்போகும் என்று அப்பா சத்தியம் வாங்கினார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் ஒருவரையொருவர் "தஞ்சோங் ரம்புத்தான்" என்று கேலி செய்தால் நான் அடித்திருக்கிறேன், ஏன் என்று யாரிடமும் சொன்னதில்லை. தம்பிக்கு அப்போது இரண்டு வயது. அவனுக்கே சரியாகத் தெரியாது. மீனாவுக்கு அப்படி ஒருவர் இருந்ததே தெரியாது.

ஐம்பது வருடம் மூடி வைத்திருக்கிறோம். அந்த மூடலே இன்றைக்கு இவனைக் கொன்றிருக்கும்.

போன ஞாயிறு சொல்லிவிட்டேன். இரண்டு பேரையும் உட்கார வைத்து, காப்பி ஆறும் வரை சொன்னேன். மீனா எழுந்து வெளியே போய்விட்டாள். அரை மணி நேரம் கழித்து வந்து, "ஏன் அத்தை யாருமே சொல்லல?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. அன்றிரவே அவள் பங்களாவுக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டாள். முன்பணம் போனது போனதுதான். தம்பி ஒன்றும் பேசவில்லை.

புதன்கிழமை ஈப்போவுக்கு மூவரும் போனோம். நிபுணர் கிளினிக், கட்டணம் 5 வெள்ளி. நான் எல்லாவற்றையும் சொன்னேன், கெத்தும், சித்தப்பா, பங்களா, ஒன்றையும் விடவில்லை. டாக்டர் சின்னப் பெண், மலாய்க்காரப் பிள்ளை. திட்டவில்லை. கெத்துமை ஒரே நாளில் நிறுத்தச் சொல்லவில்லை, படிப்படியாகக் குறைக்கலாம் என்றார். மாத்திரையை மாற்றியிருக்கிறார், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பேச்சு சிகிச்சை. லாரி வேண்டாம், ஒரு மாதம் விடுப்பு என்று கடிதம் கொடுத்தார்.

திரும்பி வரும்போது தஞ்சோங் ரம்புத்தான் பிரிகிற இடத்தில் கைகாட்டிப் பலகை வந்தது. அவன் அதையே பார்த்துக்கொண்டு வந்தான். ரொம்ப நேரம் கழித்து, "சித்தப்பா எப்ப செத்தாருக்கா?" என்று கேட்டான். நான்கு வருடத்தில் அவனாக என்னைக் கேட்ட முதல் கேள்வி. சொன்னேன். அப்புறம் முறுக்குக் கதையையும் சொன்னேன். "ராஜிக்கா கிட்டயா கொடுத்தாரு?" என்றான்.

அதனால் உனக்கு இரண்டு வேலை. உங்கள் ஊரில் அந்தச் சிகிச்சையை நேரில் பார்த்தவர்கள் யாராவது உன் வார்டில் இருந்தால் கேட்டு எழுது. இவனுக்காக இல்லை, இவனுக்கு அது ஆகாது. மீனா கேட்டுக்கொண்டே இருக்கிறாள், அவளுக்கு நான் சரியாகச் சொல்ல வேண்டும். இன்னொன்று, சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு அவனைக் கூப்பிடு. என் நம்பருக்கு இல்லை, அவன் நம்பருக்கு. நீ இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை, உனக்கு எடுப்பான். அறிவுரை சொல்லாதே. ஆற்றில் நண்டு பிடித்த கதையைச் சொல், சித்தப்பாவும் நம்மோடு வந்த அந்தத் தடவை.

அன்புடன்,
கமலா

பி.கு.: தகர டப்பா உன்னிடம்தானே இருக்கிறது? அதில் சித்தப்பா படம் ஒன்று இருந்தது. கிடைத்தால் பத்திரமாக அனுப்பு. மீனா பார்க்க வேண்டும் என்கிறாள்.