கொழுந்துக் கணக்குக் கொப்பி

அன்பு மகளுக்கு,

போனில் சொல்ல வந்தால் "சரி அப்பா, சரி அப்பா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். ஹட்டனில் மூன்று நாட்களாக மழை விடவில்லை. அம்மாவுக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான் விழுகிறது.

புதன்கிழமை நேர்முகப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்ததை அன்று வாசித்துக் காட்டினாய். "நான் கடின உழைப்பாளி, தலைமைத்துவப் பண்பு உண்டு." பக்கத்து வீட்டுப் பையனும் இதையேதான் சொல்வான். நானும் அப்படிச் சொல்லித் தோற்றவன்தான். 1994இல் தேயிலைத் தோட்டக் காரியாலயம் ஒன்றில் கிளார்க் வேலைக்குப் போனேன். "என்ன தெரியும்?" என்றார்கள். "எல்லாம் தெரியும், சேர்" என்றேன். "சரி, செய்த வேலை ஒன்றைச் சொல்லும்" என்றார் ஒருவர். நாக்கு ஒட்டிக்கொண்டது. அதன்பிறகு முப்பது வருடம் ஸ்டோரில், அந்தத் தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து வாட்டினேன்.

"சொல்ல என்னிடம் என்ன கதை இருக்கிறது" என்கிறாய். அந்தக் கொப்பியை மறந்துவிட்டாயா? எட்டாம் தரத்தில் இருந்தாய். கொழுந்து பறிக்க இடுப்பில் சுற்றும் படங்கை அம்மா அவிழ்க்கும் முன்பே காலை, பகல், மாலை மூன்று நிறுவையையும் கேட்டு எழுதுவாய். தண்ணீருக்கும் சாக்குக்கும் கழிப்பதை நீயே கழித்தும் வைத்திருந்தாய். அப்படியும் மாதக் கடைசியில் சம்பளச் சிட்டையில் 23 கிலோ குறைந்தது. கோபமாகப் போய்க் கத்தினாய், விரட்டிவிட்டார்கள். மறுநாளே லயத்தில், நம் வரிசை வீடுகளில், இன்னும் நான்கு பெண்களின் நிறுவையையும் எழுதத் தொடங்கினாய். அடுத்த மாதம் ஐந்து பேர் கணக்கோடும் போனபோது உட்காரச் சொன்னார்கள், திருத்தியும் கொடுத்தார்கள்.

"ஒரு பிரச்சினையை எப்படித் தீர்த்தீர்கள்?" என்று கேட்டால் இதைச் சொல். "எங்கே தவறினீர்கள்?" என்றாலும் இதுதான், அந்த முதல் நாள் கத்தலில் இருந்து தொடங்கு.

உன் சிநேகிதி சொல்லித்தந்த நான்கு படிகள், நிலைமை, பொறுப்பு, செய்தது, முடிவு, நல்ல முறைதான். ஆனால் நீ நிலைமையிலேயே கூடாரம் போட்டுவிடுகிறாய். தோட்டத்துக் கஷ்டம் முழுவதையும் அவர்கள் மேசையில் கொட்ட வேண்டாம். ஏறத்தாழ நான்கரைக் கிலோ பச்சைக் கொழுந்து வாடி, அரைபட்டு, காய்ந்தால்தான் ஒரு கிலோ தேயிலை. கதையையும் அப்படியே சுண்ட வை: நிலைமைக்கு இரண்டு வரி போதும், மீதியெல்லாம் நீ செய்தது. மொத்தம் இரண்டு நிமிடம். 23 கிலோ என்ற எண்ணை விட்டுவிடாதே. "நாங்கள் செய்தோம்" என்று அடக்கமாகச் சொல்வாய், தெரியும். அங்கே "நான் எழுதினேன், நான் கேட்டேன்" என்றே சொல். நாற்காலி போடப்போவது ஒருத்திக்குத்தான்.

இன்னொன்று. உன் விண்ணப்பத்தில் தோட்டத்தின் பெயர் இல்லை, ஹட்டன் மட்டும் இருந்தது. பார்த்தேன். கோபமில்லை. ஆனால் லயம், படங்கு, நிறுவை என்ற சொற்களை விழுங்கிவிட்டு இந்தக் கதையைச் சொன்னால் அது நொண்டும். ஆங்கிலத்தில் கேட்டாலும் முதலில் தமிழில் இரண்டு தடவை சத்தமாகச் சொல்லிப் பார். அறைத் தோழி சிரித்தால் சிரிக்கட்டும்.

கொப்பி அம்மாவின் தகரப் பெட்டியில்தான் இருந்தது. ஓரத்தைக் கரப்பான் தின்றிருக்கிறது, எழுத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. தபாலில் சுணங்கும் என்று, நாளை கொழும்புக்கு வரும் பக்கத்து வீட்டுத் தம்பியிடம் இந்தக் கடிதத்தோடு கொடுத்து அனுப்புகிறேன். புதுச் சப்பாத்தை அன்றைக்கே போடாதே, கடிக்கும்.

அப்பா