தன்மதிப்பீட்டுப் படிவத்தில் 5 போட முன்

அன்பு மகளுக்கு,

நானும் அம்மாவும் சுகம். நீ அனுப்பிய தன்மதிப்பீட்டுப் படிவத்தைப் பார்த்தேன். "கற்பித்தலில் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்துகிறேன்" என்ற வரிக்கு எதிரே 1 முதல் 5 வரை கட்டங்கள். எத்தனை போடுவது என்று கேட்டிருக்கிறாய். மல்டிமீடியாவை (படம் விழுத்தும் புரொஜெக்டரை) கொளுவி பாடவேளை முழுக்க ஸ்லைட் ஓடவிட்டவரும் அதில் 5 போடலாம். மாதத்தில் ஒருக்கால் பாவித்தாலும் பிள்ளைகளுக்கு விளங்கவைத்தவர் 2 போட்டுவிட்டு ஒதுங்கலாம். இரண்டும் பொய்யில்லை, இரண்டாலும் பிரயோசனமுமில்லை. ஆகவே கட்டத்தைக் கடைசிக்கு வை. முதலில் ஒரேயொரு பாடத்தை எடுத்து, அதில் பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்பதை அளந்து எழுது.

பெரிய சட்டகங்களும் இதைத்தான் சொல்லுகின்றன. யுனெஸ்கோ 2018இல் ஆசிரியர்களுக்கென்று வெளியிட்ட தகவல் தொழில்நுட்பத் தேர்ச்சிச் சட்டகத்தின் மூன்றாம் பதிப்பில் 6 துறைகள், 3 படிநிலைகள், மொத்தம் 18 தேர்ச்சிகள். அந்த ஆறில் கருவியைக் கையாளும் திறன் ஒரு துறை மட்டுமே. மற்றவை கொள்கை விளக்கம், கலைத்திட்டமும் கணிப்பீடும், கற்பித்தல் முறை, வகுப்பு ஒழுங்கமைப்பு, ஆசிரியர் தன்னை வளர்த்துக்கொள்வது. எங்கள் படிவங்களோ அந்த ஒன்றைத்தான் பிடித்துத் தொங்குகின்றன.

நீ கணிதம் படிப்பிப்பதால் வட்டக் கோணத்தையே எடுப்போம். ஒரே வில்லால் மையத்தில் அமையும் கோணம் பரிதியில் அமையும் கோணத்தின் இருமடங்கு. ஜியோஜீப்ரா என்ற கேத்திரகணித மென்பொருளை மடிகணினியில் இறக்கி வைத்தால் இணையம் தேவையில்லை. மையம் ஓ, வட்டத்தின் மேல் ஏ, பி, சி என மூன்று புள்ளிகள், ஏஓபி, ஏசிபி என இரண்டு கோணங்கள். அவ்வளவுதான் படம். ஆனால் இதில் மூன்று குழிகள் இருக்கின்றன.

கோணம் குறிக்கும்போது புள்ளிகளைத் தொடும் வரிசை முக்கியம். மென்பொருள் முதற்கதிரிலிருந்து இடஞ்சுழியாக அளக்கும். வரிசை மாறினால் 100° வரவேண்டிய இடத்தில் 260° வரும். அடுத்தது தசமதானம். வடிவாய் இருக்கட்டும் என்று 0 தானத்தில் வைத்தால் உண்மையான 46.6° திரையில் 47° ஆகும், 93.2° 93° ஆகும். 47இன் இருமடங்கு 94. பின்வாங்கில் இருக்கும் கெட்டிக்காரப் பிள்ளை உடனே கையை உயர்த்தும். இரண்டு தானத்தில் வை. மூன்றாவதுதான் வகுப்பையே குழப்புவது: சி புள்ளியை இழுத்துக்கொண்டு போய் ஏ-யைத் தாண்டி சிறுவில்லுக்குள் விட்டால், 50° என்று நின்ற கோணம் திடீரென்று 230° என்று பாயும், மையத்தில் 100° அப்படியே நிற்கும். தேற்றம் உடைந்துவிட்டது போலத் தெரியும். சி-யின் கோணத்துக்கு 0°–180° என்ற எல்லையை அமைப்பில் கொடுத்தால் 130° காட்டும். மையத்தில் பின்வளை கோணத்தையும் (180°ஐ விடப் பெரிய கோணம்) குறித்து வைத்தால் 260° வந்து நிற்கும், இருமடங்கு சரி. இந்தப் பாய்ச்சலை முன்கூட்டியே தெரிந்து, அந்த இடத்தில் இழுப்பதை நிறுத்தி "இப்போது எந்த வில்லைப் பார்க்கிறோம்?" என்று கேட்பதுதான் திறமை. கல்வி ஆய்வாளர்களான மிஸ்ராவும் கோலரும் 2006இல் பாட அறிவு, கற்பித்தல் அறிவு, தொழில்நுட்ப அறிவு மூன்றும் சந்திக்கும் இடம் என்று எழுதியதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டியதில்லை.

அளப்பதற்கு வா. பாடத்துக்கு முன் ஐந்து நிமிடத்தில் கடதாசியில் மூன்று கேள்வி கொடு: நேரான படம் ஒன்று, கோடுகள் குறுக்கே வெட்டும் படம் ஒன்று, பின்வளை கோணம் ஒன்று. அதே வகையில் வேறு எண்களோடு மூன்று கேள்வியை அடுத்த நாள் பாடவேளைத் தொடக்கத்தில் கொடு. அன்றே கொடுத்தால் திரையில் கண்டது கண்ணில் நிற்கும், விளங்கியதா என்று தெரியாது. 32 பிள்ளைகளில் முதலில் 7 பேரும் பிறகு 20 பேரும் மூன்றையும் சரியாகச் செய்திருந்தால் 20 என்று மட்டும் எழுதாதே. தெரியாதிருந்த 25 பேரில் 13 பேர் பிடித்துக்கொண்டார்கள், அதாவது பாதிக்குச் சற்று மேல். மிச்சம் 12 பேரின் தாளையும் பார். குறுக்கே வெட்டும் படத்திலேயே பிழைத்திருப்பார்கள் என்பது என் ஊகம். அடுத்த அலகை வெண்கட்டியும் கவராயமும் வைத்தே நடத்தி இதே மாதிரி அளந்து பார். அதே விளைவு வந்தால் அதையும் எழுது. ஒரு கருவி தேவைப்படவில்லை என்று ஆதாரத்தோடு எழுதுபவரை நான் 5 போட்டவரைவிட மேலாக மதிப்பேன்.

இன்னும் இரண்டு எண்கள் குறித்துக்கொள். அலுவலகத்திலிருந்து மல்டிமீடியாவைத் தூக்கி வந்து படம் விழும்வரை 40 நிமிடத்தில் எத்தனை நிமிடம் போனது. எத்தனை பிள்ளைகளின் கை மவுசில் பட்டது. முதலாவது 10ஐத் தாண்டினால் பாடம் எவ்வளவு நல்லதென்றாலும் நட்டம். அதைக் கொண்டுவந்து கொளுவ மூன்று மாணவரைப் பழக்கி விடு. 13 அம்பியர் சதுரப் பின், பழைய உருண்டைப் பின் இரண்டுக்கும் பொருந்தும் அடப்டர் ஒன்றை உன் பையிலேயே வை. பாதி நாட்களில் தாமதம் அதனால்தான்.

வெளிச்சம் பற்றி யாரும் படிவத்தில் கேட்பதில்லை, ஆனால் எங்கள் அரைச்சுவர் வகுப்பறைகளில் பாடம் கெடுவது அதனால்தான். 3000 லூமன் (மொத்த ஒளியின் அளவு) மல்டிமீடியாவை 2 மீற்றர் அகலம், 1.5 மீற்றர் உயரத்துக்கு விரித்தால் திரையில் 1000 லக்ஸ்தான் (ஒரு சதுர மீற்றருக்கு இத்தனை லூமன்) விழும். திறந்த பக்கத்தால் வரும் பகல் வெளிச்சமே நூற்றுக்கணக்கான லக்ஸ் என்பதால் கோடுகள் வெளிறிப்போகும். படத்தை 1.4 மீற்றருக்கு 1.05 ஆகச் சுருக்கு. பரப்புப் பாதியாகும், வெளிச்சம் இரட்டிப்பாகும். 6 மீற்றர் தூரத்தில் இருக்கும் கடைசி வாங்குக்கும் அந்த உயரம் போதும். தூரத்தின் ஆறில் ஒரு பங்கு என்பது பழைய கணக்கு. அந்தத் திரையில் 28 புள்ளி எழுத்து ஏறத்தாழ 5 சென்றிமீற்றர் உயரம் பிடிக்கும், அதற்குக் கீழே இறங்காதே. சீலையைத் தொங்கவிடாமல் வெள்ளை மட் பெயின்ற் அடித்த ஹாட்போட் பலகையைத் திறந்த பக்கத்துக்கு நேர் எதிரே வராமல் சாத்து. சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் சீலை ஆடினால் வட்டம் முட்டையாகும்.

அந்தக் காற்றோடு வரும் புழுதி மல்டிமீடியாவின் வடிகட்டியை அடைக்கும், சூடேறித் தானாக நிற்கும். மாதமொருமுறை வடிகட்டியைக் கழற்றி மெல்லிய தூரிகையால் தட்டு. வாயால் ஊதினால் ஈரம் சேர்ந்து புழுதி ஒட்டிக்கொள்ளும். விளக்கு வகை என்றால் நிறுத்திய பின் விசிறி ஓயும்வரை பிளக்கைப் பிடுங்கக்கூடாது. கரண்ட் திடீரென்று போனால் விளக்கு ஆறக் கால்மணி கொடு. சிறிய யூபிஎஸ் பாடம் நடத்தக் காணாது, ஆறவைக்கத்தான் காணும்.

வினாத்தாளைப் பாமினியில் அடிக்கும் பழக்கத்தை விடு. அது ஆங்கில விசைகளின் மேல் தமிழ் உருவம் போர்த்திய எழுத்துரு. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் முழுத்தாளும் ஆங்கில எழுத்துக் குவியலாய் விழும், பிள்ளைகளின் போனிலும் அதே கதி. யூனிகோட்டுக்கு மாற்றிவிட்டு, வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார். கெடுவது பெரும்பாலும் கணிதக் குறியீடுகள், ஏனென்றால் மாற்றும் மென்பொருள் அவற்றையும் தமிழாக்கப் பார்க்கும். அவசரத்துக்கு பீடிஎவ் ஆக்கினால் எழுத்துரு உள்ளேயே போய்விடும்.

வாட்ஸ்அப் குழுவுக்கு வீடியோ அனுப்பியதைப் பயன்பாடு என்று எண்ணாதே. வீட்டில் ஒரு போன், அதையும் தகப்பன் வயலுக்குக் கொண்டுபோயிருப்பார். எத்தனை பேர் விடை திருப்பி அனுப்பினார்கள் என்பதை எண்ணு. வகுப்புப் படங்களைக் குழுவில் போட முன் பெற்றாரின் சம்மதம் வேண்டும்.

படிவத்தில் இப்படி எழுதலாம்: "தரம் 10, வட்டக் கோணம், 32 பேர். தெரியாதிருந்த 25 பேரில் 13 பேர் தேர்ச்சி. ஆயத்தத்துக்கு 9 நிமிடம். மவுஸைத் தொட்டவர்கள் 6 பேர். அடுத்த முறை சோடிக்கு ஒரு மடிகணினி, குறுக்கே வெட்டும் படத்தில் கூடிய நேரம்." உன் எண்கள் வேறாக இருக்கும். அதன் கீழே 3 போட்டாலும் யாரும் குறை சொல்ல ஏலாது. பிள்ளைகளின் பெயர்களை எழுதாதே, எண்ணிக்கை போதும். தாள்களைத் தவணை முடியும்வரை கோவையில் வைத்திரு, ஆசிரிய ஆலோசகர் வந்தால் அவற்றைத்தான் கேட்பார்.

அன்புடன்,
அப்பா