மணி ஓய்ந்த பிறகு பேசச் சொல்லுங்கள்: வைத்தியசாலைப் பணிப்பாளருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பணிப்பாளர் ஐயா,

கிளினிக் மண்டபத்து ஒலிபெருக்கியில் நம்பர் கூப்பிடுவது சனத்துக்குக் கேட்பதில்லை என்பது பற்றி உங்களுக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. முறைப்பாட்டுப் பெட்டியில் நானும் எழுதிப் போட்டேன், பதில் இல்லை. அதனால்தான் நாலு பேர் பார்க்க எழுதுகிறேன். வைத்தியசாலையின் பெயரைப் போடவில்லை, யாரையும் அவமானப்படுத்த எனக்கு விருப்பமில்லை, அந்த மைக்கில் கூப்பிடுவது சனத்துக்கு விளங்க வேண்டும், அவ்வளவுதான்.

போன கிழமை அப்பாவைக் கூட்டிவந்தபோது பக்கத்தில் ஹட்டன் பக்கத்து அம்மா ஒருவர் இருந்தார். இரவு பஸ்ஸில் வந்து விடியக் கொழும்பு புறக்கோட்டையில் இறங்கி, இரத்தம் எடுக்க வேண்டும் என்பதால் ஒரு வாய் தேத்தண்ணிகூடக் குடிக்காமல் நம்பர் துண்டோடு காத்திருந்தார். தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவர். சிங்களத்தில் எண் சொன்னால் விளங்கும் என்றார். ஆனாலும் அவர் நம்பரைக் கூப்பிட்டது அவருக்கும் கேட்கவில்லை, சிங்களம் நன்றாகத் தெரிந்த எனக்கும் கேட்கவில்லை. கவுண்டரில் போய்க் கேட்டால், "கூப்பிட்டாச்சு, வரவில்லை, இனி அடுத்த திகதிக்கு வாங்க" என்கிறார்கள். அடுத்த திகதி என்றால் அவருக்கு இன்னொரு நாள் சம்பளம் போய்விடும், இன்னொரு இரவுப் பயணம், மறுபடியும் வெறும் வயிறு. ஒருவர் பட்டனை அழுத்திய விதத்தால் இவ்வளவும்!

நான் ஒலிபெருக்கி கட்டுகிறவன், அதனால் என்ன நடக்கிறது என்று நின்று பார்த்தேன். உங்கள் கவுண்டரில் இருப்பது சாதாரண மைக் இல்லை, எந்தப் பகுதிக்குப் பேசுவது என்று தெரிவுசெய்யும் பட்டன்களோடு வருகிற அறிவிப்பு மைக். பேசும் பட்டனை அழுத்தியதும் முதலில் மணி ஒலிக்கும். மணி முடிந்த பிறகுதான் குரலுக்கு வழி திறக்கும், பேசலாம் என்பதைக் காட்ட அதில் ஒரு விளக்கும் இருக்கிறது. உங்கள் ஆட்களோ அழுத்தியவுடனே பேசிவிடுகிறார்கள். எண் முழுவதையும் மணி விழுங்கிவிடுகிறது, வாருங்கள் என்கிற வால் மட்டும்தான் மண்டபத்துக்கு வருகிறது. யார் வருவது? மணி வேண்டாம் என்றால் அதை நிறுத்தி வைக்கவும் இப்படியான கருவிகளில் வசதி உண்டு, பொருத்தியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

அப்புறம், கிளினிக் நம்பரைக் கூப்பிட எல்லாப் பகுதிகளுக்குமான பட்டனை ஏன் அழுத்த வேண்டும்? மேல்மாடி வார்டில் படுத்திருக்கிற நோயாளிக்கும் அது போய்ச் சேர்கிறது. வாயை மைக்கில் ஒட்டிக்கொண்டு கத்துவதால் மூச்சுத்தான் பெரிதாகக் கேட்கிறது. ஒரு சாண் தள்ளி வைத்து, நிதானமாக, எண்ணை இரண்டு தரம் சொன்னால் போதும். டைல் பதித்த மண்டபத்தில் சத்தத்தைக் கூட்டக் கூட எதிரொலிதான் கூடும், பேச்சு தெளியாது.

அதோடு, தமிழிலும் சொல்லுங்கள். 1987இல் 13ஆவது திருத்தத்தோடு, தமிழும் அரசகரும மொழி என்று அரசியலமைப்பின் 18ஆவது உறுப்புரையில் எழுதியாச்சு. 1991இலேயே அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்குச் சட்டமும் வந்தாச்சு. சுவரில் பலகைகள் மூன்று மொழியில் தொங்குகின்றன, ஆனால் கூப்பிடுகிற குரல் ஒரே மொழியில். இது கொழும்பு ஐயா. கொட்டாஞ்சேனையும் வெள்ளவத்தையும் மருதானையும் உங்கள் வாசலுக்குத்தான் வருகின்றன, மலையகத்திலிருந்தும் வடக்கிலிருந்தும் பெரிய வருத்தம் என்றால் இங்கேதான் அனுப்புகிறார்கள். கடிதம் சிங்களத்தில், படிவம் சிங்களத்தில், கேட்டால் தமிழ் தெரிந்தவர் இன்று லீவு என்ற பதில், இதையெல்லாம் பழகிப்போன விஷயம் என்று சனம் விட்டுவிட்டது. வருத்தத்தோடு வந்தவரின் முறையைப் பறிப்பதை அப்படி விட முடியாது. நாளைக்கு மண்டபத்தில் தீப் பிடித்தாலும் இதே மைக்கில்தானே எல்லோரையும் வெளியே போகச் சொல்வீர்கள்?

கோபத்தில் கொஞ்சம் கூடுதலாக எழுதிவிட்டேன். அந்தக் கவுண்டரில் இருக்கிற பிள்ளைகள் நாள் முழுக்க சனத்தோடு மாரடிக்கிறார்கள், அவர்களுக்கு இதை யாரும் ஒழுங்காகக் காட்டிக் கொடுக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். நான் கேட்பது இதைத்தான்: மணி ஓய்ந்த பிறகு, சரியான பகுதிக்கு, சிங்களத்திலும் தமிழிலும் எண்ணைச் சொல்லச் சொல்லுங்கள். கூப்பிட்டது கேட்காமல் போனவரை அன்றைக்கே கடைசியிலாவது பார்க்கச் சொல்லுங்கள். புது மைக் வாங்கத் தேவையில்லை.

நீங்கள் அனுமதித்தால் ஒரு பின்னேரம் வந்து, பட்டன்களுக்கு இரண்டு மொழியிலும் பெயர் ஒட்டி, பிள்ளைகளுக்குப் பழக்கிவிட்டுப் போகிறேன். காசு வேண்டாம். என் தொலைபேசி இலக்கம் முறைப்பாட்டுப் பெட்டியில் போட்ட கடிதத்தில் இருக்கிறது, தயவுசெய்து அதைத் திறந்து பாருங்கள்.

இப்படிக்கு,
கொட்டாஞ்சேனையில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் ஒருவன்