வெள்ளை புட்டிங் சைவம் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் அயர்லாந்துக் காலைச் சாப்பாடு பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். பதினொரு வருடமாக அயர்லாந்தின் கார்க் நகரில் இருக்கிறேன், இந்த ஊர்ச் சாப்பாட்டைப் பற்றித் தமிழில் யாராவது எழுதினால் ஆசையாகப் படிப்பேன், ஆனால் அதில் ஒரு வரி தப்பு, சும்மா விட்டுவிடக்கூடிய தப்பும் இல்லை. புட்டிங் என்று வட்டமாக வெட்டிப் பொரித்துத் தருவார்களே, அதில் கறுப்பு புட்டிங்கில் ரத்தம் உண்டு, வெள்ளை புட்டிங்கில் கிடையாது, அதனால் சைவக்காரர்கள் வெள்ளையைத் தாராளமாகச் சாப்பிடலாம் என்று போட்டிருந்தீர்கள். ரத்தம் கிடையாது என்பது சரி. ஆனால் இங்கே அது பன்றி இறைச்சியும் கொழுப்பும் ஓட்ஸும் சேர்ந்த பண்டம், சிலர் ஈரலும் போடுவார்கள். ஸ்காட்லாந்தில் இறைச்சி போடாமல் ஓட்ஸ், வெங்காயம், கொழுப்பு என்று செய்வதுண்டு, அந்தக் கொழுப்பும் வழக்கமாக மாட்டுக் கொழுப்புதான். புட்டிங் என்றதும் நமக்கு இனிப்பு ஞாபகம் வருகிறது, ஆங்கிலத்தில் அந்தச் சொல் ஆதியில் குடலில் அடைத்து வேகவைத்ததைத்தான் குறித்தது.

அப்புறம், இரண்டையும் வீட்டில் செய்யவே முடியாது என்று முடித்திருந்தீர்கள். நான் செய்கிறேன். முதலில் கறுப்பு. புது ரத்தம் கிடைப்பது கஷ்டம்தான், ஆனால் கடைக்கு வருவதிலேயே நிறைய காய்ந்த ரத்தப் பொடியில் செய்ததுதான், அந்தப் பொடியை நாமும் வாங்கலாம். பாக்கெட்டில் சொன்ன அளவுக்கு வெதுவெதுப்பான நீரில் கட்டியில்லாமல் கரைத்து வடிகட்டிக்கொள்ள வேண்டும். தட்டை ஓட்ஸ் வேண்டாம், குருணை மாதிரி வெட்டிய ஓட்ஸ்தான் வேண்டும், அதை முந்தின ராத்திரியே ஊறவைத்து அரைவேக்காடாக எடுங்கள். பொடியாக நறுக்கிய பன்றி முதுகுக் கொழுப்பு, சிவக்காமல் மெதுவாக வதக்கிய வெங்காயம், மிளகுத்தூள், கொஞ்சம் ஜாதிபத்திரி, மொத்தக் கலவையில் கிலோவுக்கு 15 கிராம் உப்பு. பச்சையாக ருசி பார்க்க முடியாது இல்லையா, ஒரு கரண்டியை வாணலியில் ஊற்றிச் சுட்டுப் பார்த்தால் உப்பு தெரிந்துவிடும்.

முதல் தடவை கலவை நீர்த்திருந்தது, அப்படியே ரொட்டி சுடும் தகரத்தில் ஊற்றி ஓவனில் வைத்துவிட்டேன். ஆறி வெட்டினால் ஓட்ஸ் முழுக்க அடியில், கொழுப்பு முழுக்க மேலே, நடுவில் வெறும் ரத்தம் ஈரல் மாதிரி உறைந்து கிடந்தது. அன்றைக்கு அழுகையே வந்தது. இப்போது அரைமணி நேரம் வைத்து, ஓட்ஸ் நீரை இழுத்துக் கூழ் பதத்துக்கு வந்த பிறகு அடியோடு கிளறித்தான் ஊற்றுகிறேன். மேலே தாளால் மூடி, தகரத்தை வெந்நீர்த் தட்டில் இறக்கி, ஓவனில் 150 டிகிரியில் ஒரு மணி நேரம். ராத்திரி முழுக்கக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து மறுநாள் விரல் தடிமனுக்கு வெட்டி, இரண்டு பக்கமும் ஓரம் மொறுமொறுவென வரும்வரை பொரித்தால் போதும்.

குடலில் அடைப்பவர்கள் இறுக்கி அடைக்கவே கூடாது, வேகும்போது ஓட்ஸ் இன்னும் உப்பும். தண்ணீர் கொதிக்கவும் கூடாது, 80 டிகிரி பக்கம் அசையாமல் நிற்க வேண்டும், கொதித்தால் தோல் வெடித்துப் பானை முழுக்கக் கறுப்பாகிவிடும். ஊசியால் குத்தினால் சிவப்பாக வராமல் பழுப்பாக வந்தால் வெந்துவிட்டது.

புதிதாகச் செய்பவர்கள் வெள்ளையில் ஆரம்பிக்கலாம், கொத்திய இறைச்சி தானே பிடித்துக்கொள்ளும், வெள்ளை மிளகை மட்டும் தாராளமாகப் போடுங்கள். இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் உள்ள க்ளோனகில்டியில் 1880களிலிருந்து வரும் முறையில் கறுப்பு புட்டிங் செய்கிறார்கள், ஸ்காட்லாந்தின் ஸ்டோர்னோவே புட்டிங்குக்கு 2013இல் புவிசார் குறியீட்டுப் பாதுகாப்பே கிடைத்தது. இவ்வளவு மதிப்பாக வைத்திருக்கிற பண்டத்தை "விநோத உணவு" என்று தலைப்புப் போட்டது எனக்குப் பிடிக்கவில்லை.

தலைப்பு போகட்டும். சைவம் என்ற அந்த வரிக்கு மட்டும் இந்த ஞாயிறே திருத்தம் போடுங்கள். படிக்க வருகிற பிள்ளைகளில் சைவம் மட்டுமே சாப்பிடுகிறவர்கள் நிறைய பேர், தட்டில் வெளிறிய வட்டமாகக் கிடப்பதைப் பார்த்தால் ஓட்ஸ் அடை என்றே நினைப்பார்கள்.

ஒரு வாசகி,
கார்க், அயர்லாந்து