‘வேணாங்க’ என்று சொன்னவர்களுக்கு: கண்டி – நுவரெலியா ஒருநாள் பயண நன்றி மடல்

கண்டியிலிருந்து இருபத்தாறு பேர் நுவரெலியாவுக்கு விடியற்காலையில் புறப்பட்டு, இருட்டுவதற்குள் வீடு வந்து சேர்ந்தோம். எழுபது வயதைத் தாண்டியவர்கள் ஆறு பேர், பத்து வயதுக்குக் கீழே ஐந்து பிள்ளைகள். ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. இதற்காக யார் யாருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று எண்ணிப் பார்த்தோம். கை கொடுத்தவர்கள் பலர். ஆனால் எங்களைக் காப்பாற்றியது என்னவோ, அவர்கள் சரியான நேரத்தில் சொன்ன ‘வேணாங்க’ என்ற ஒரு சொல்தான். பெயர் போட வேண்டாம் என்று சிலர் கேட்டுக்கொண்டதால் எல்லோருக்கும் தொழிலைச் சொல்லியே நன்றி சொல்கிறோம். அடுத்து இந்தப் பாதையில் போகிறவர்களுக்கும் உதவட்டும் என்று, அவர்கள் சொன்ன காரணங்களையும் சேர்த்தே எழுதுகிறோம்.

முதல் நன்றி சாரதி அண்ணனுக்கு. கைபேசி வரைபடத்தைப் பார்த்து ஹங்குராங்கெத்த, வலப்பனை, இராகலை வழியாகப் போகலாமா என்று கேட்டோம். “அது வேணாங்க, கம்பளை வழியிலேயே போவோம்” என்றார். பேராதனை, கம்பளை, புசல்லாவை, இறம்பொடை, லபுக்கலை என்று ஏறும் ஏ5 பிரதான வீதி அது. ஏறக்குறைய 77 கிலோமீற்றர். 29 ஆசன பஸ்ஸுக்கு, இடையில் நிற்காமல் போனாலே இரண்டரை முதல் மூன்று மணித்தியாலம் பிடிக்கும். கண்டி கடல்மட்டத்திலிருந்து 500 மீற்றர் அளவில் இருக்கிறது, நுவரெலியா 1868 மீற்றரில். அந்த ஏற்றத்தின் பெரும்பகுதி புசல்லாவைக்குப் பிறகுதான். இந்த வீதியில் பெரிய வண்டிகள் விலக இடம் உண்டு, கடைகள் உண்டு, கைபேசிக்கு ‘சிக்னல்’ உண்டு, பழுதானால் ஆள் கூப்பிட ஊர்கள் உண்டு. கிளை வீதியில் ஒரு லொறி எதிரே வந்தால் யாராவது ஒருவர் பின்னுக்குப் போகத்தான் வேண்டும். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம் என்றிருக்கும்போது இருபத்தாறு பேரை வைத்துக்கொண்டு அதைச் செய்ய அவர் விரும்பவில்லை.

அவர் விடியற்காலை ஐந்து மணிக்கே புறப்பட வைத்ததற்கும் சேர்த்து நன்றி. நுவரெலியாவில் காலை பளிச்சென்று இருந்தாலும், இரண்டு மூன்று மணிக்கு மேல் மலையுச்சியிலிருந்து முகில் இறங்கத் தொடங்கும். இறம்பொடை வளைவுகளைப் பின்னேரம் நாலரைக்கு முன்னரே தாண்டிவிட வேண்டும் என்பது அவருடைய கணக்கு. அதனால் நுவரெலியாவை விடும் நேரம் மூன்று மணி. எந்த இடத்தைப் பார்க்காமல் விட்டாலும் அந்த மூன்று மணியை விட்டுக்கொடுக்க அவர் சம்மதிக்கவே இல்லை.

இறக்கத்தைப் பற்றி அவர் சொன்னது எல்லாச் சாரதிகளும் கேட்க வேண்டியது. எந்தக் கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்க வேண்டும். கொண்டை ஊசி வளைவில் இரண்டாம் கியருக்கு மேல் கூடாது. எக்ஸோஸ்ட் பிரேக்கை (எஞ்சின் புகையை அடைத்து வேகத்தைக் குறைப்பது) போட்டு வைத்து, கால் பிரேக்கை விட்டு விட்டுத்தான் மிதிக்க வேண்டும். தொடர்ந்து மிதித்தபடியே இறங்கினால் ட்ரம்மும் லைனிங்கும் கொதித்து, எவ்வளவு மிதித்தாலும் பிடிக்காது. காற்று பிரேக் வண்டியில் மிதித்துக்கொண்டே இருந்தால் தொட்டியில் அழுத்தமும் குறைந்துவிடும். லைனிங் கருகும் மணம் வந்தால் அகலமான இடம் பார்த்து நிறுத்தி அரை மணித்தியாலம் ஆறவிட வேண்டும். அந்த நேரத்தில் தண்ணீர் ஊற்றவே கூடாது, சூட்டில் ட்ரம் வெடிக்கும். டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் விடுகிறவர்களைப் பற்றிக் கேட்டபோது அவர் முகமே மாறிவிட்டது. 2025 மே 11 அன்று கொத்மலை கெரண்டியெல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போன வீதி இதுதான். அந்த இடத்தைக் கடக்கும்போது வானொலியை நிறுத்திவிட்டு மெதுவாகப் போனார். பஸ்ஸில் யாரும் பேசவில்லை.

மூடுபனியில் உயர் வெளிச்சம் போடாமல் தாழ் வெளிச்சத்திலேயே ஓட்டினார். உயர் வெளிச்சம் பனித்துளியில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பி வந்து, முன்னால் வெள்ளைச் சுவரைப் போல நிற்கும். இறம்பொடைச் சுரங்கம் 225 மீற்றர்தான், ஆனால் வெயிலிலிருந்து நுழையும்போது கண் பழகச் சில விநாடி எடுக்கும். நுழையும் முன்பே வேகத்தைக் குறைத்துவிடுவார். திரும்பும்போது கூரைமேல் மரக்கறி மூட்டை ஏற்றக் கேட்டோம். அதற்கும் வேணாம்தான். மேலே பாரம் கூடினால் வளைவில் வண்டி சாயும் என்றார்.

அட்டன் பக்கமிருந்து நுவரெலியா வருகிறவர்களுக்கும் ஒன்றைச் சொல்லச் சொன்னார்: நானுஓயா ரதெல்ல குறுக்கு வீதியில் பஸ்ஸைக் கொண்டுபோக வேண்டாம். 2023 ஜனவரியில் அங்கே ஏழு பேர் இறந்த விபத்தை மலையகம் மறந்திருக்காது.

கண்டி ரயில் நிலைய உத்தியோகத்தர் ஐயாவுக்கு அடுத்த நன்றி. போகும்போது பஸ், வரும்போது நானுஓயாவிலிருந்து ரயில் என்பதுதான் எங்கள் முதல் திட்டம். பிள்ளைகளுக்கு அது பெரிய ஆசை. அவர் ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டினார். மலைப்பாதை ஒற்றைத் தண்டவாளம். எதிர்ரயில் நிலையத்துக்கு வந்து விலகினால்தான் இந்த ரயில் புறப்படும், ஒன்று பிந்தினால் மற்றதும் பிந்தும். ஏறிப் பார்க்க ரயில் நல்லது, நேரத்துக்கு வீடு போய்ச் சேர வேண்டிய முதியவர்களை நம்பி ஏற்ற வேண்டாம் என்றார். மேலும் நானுஓயா நிலையம் நுவரெலியா நகரிலிருந்து எட்டுக் கிலோமீற்றர் தள்ளி இருப்பதால், அங்கே போய்ச் சேரவே ஒரு வாகனம் வேண்டும். ரயிலில்தான் போக வேண்டும் என்றால் ஓர் இரவு தங்கிப் போங்கள், ரயில் எந்த நிலையம் வரை ஓடுகிறது என்பதைப் புறப்படும் நாளிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

மருந்துக்கடை அக்காவுக்கு நன்றி. வாந்தி மாத்திரையைப் புறப்பட அரை மணித்தியாலத்துக்கு முன்பே கொடுக்க வேண்டும், குமட்டல் வந்த பிறகு கொடுத்தால் அதுவும் சேர்ந்து வெளியே வந்துவிடும் என்றார். பெரியவர்களின் மாத்திரையை உடைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லி, வயதையும் நிறையையும் கேட்டுத் தனித்தனியாக உறையில் எழுதித் தந்தார். அந்த மாத்திரை தூக்கத்தைத் தரும், எனவே அதைக் குடித்த முதியவர்கள் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது ஒருவர் கையைப் பிடிக்க வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்களின் ‘பம்ப்’ (இன்ஹேலர்) பயணப் பைக்குள்ளே போகாமல் சட்டைப் பையில் இருக்க வேண்டும் என்பதும் அவர் சொன்னதுதான். சுவசெரிய அம்புலன்ஸ் இலக்கம் 1990 என்பதைப் பிள்ளைகளுக்கே மனப்பாடம் செய்து கொடுத்தார்.

புசல்லாவையில் தேநீர்க்கடை வைத்திருக்கும் அம்மாவுக்கு நன்றி சொல்ல வார்த்தை போதாது. ஒருநாள் பயணத்தைக் கெடுப்பது பெரும்பாலும் மலசலகூடம்தான், அதுவும் பெண்களுக்கு. ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை நிற்கும்படி இடங்களை முன்கூட்டியே கேட்டு வைக்காவிட்டால், வயதான பெண்கள் தண்ணீரே குடிக்காமல் வருவார்கள். பிறகு தலைவலி, மயக்கம். இந்த அம்மா காலை ஆறரைக்கே சுடுதண்ணீர், சவர்க்காரம் எல்லாம் தயாராக வைத்திருந்தார். சாப்பாட்டில் அவர் சொன்ன ‘வேணாம்’ பால் தேநீருக்கும் எண்ணெய்ப் பலகாரத்துக்கும். தேங்காய் ரொட்டி, கொஞ்சம் கட்டா சம்பல், இஞ்சி பிளேன்டீ, அவ்வளவுதான். இறம்பொடை வளைவுகள் முடியும்வரை வயிறு பாதிதான் நிறைந்திருக்க வேண்டும் என்றார்.

இனி, லபுக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கர் ஐயா. நாங்கள் பின்னேரம் வரலாமா என்று கேட்டபோது, “பின்னேரம் வேணாம், திங்கக்கிழமையும் வேணாம்” என்றார். காரணம் இதுதான். பறித்த பச்சைக்கொழுந்து தட்டுகளில் 12 முதல் 18 மணித்தியாலம் வாட வேண்டும். அது இரவு முழுக்க நடக்கும். உருட்டுவது, புளிக்க விடுவது, காய வைப்பது எல்லாம் குளிர் நேரத்தில், விடியற்காலையிலிருந்து முற்பகலுக்குள் முடிந்துவிடும். பின்னேரம் போகிறவர்கள் பார்ப்பது நின்றுபோன இயந்திரங்களை. ஞாயிறு பறிப்பு இல்லாததால் திங்கள் காலையில் உருட்டக் கொழுந்து இருக்காது. எட்டரைக்குப் போனதால் உருட்டும் அறையின் பச்சை மணத்தையும், கொழுந்து செம்பு நிறமாக மாறுவதையும் பிள்ளைகள் கண்ணால் பார்த்தார்கள். ஒரு கிலோ தேயிலைக்கு நாலரைக் கிலோ அளவு கொழுந்து வேண்டும் என்பதைத் தராசில் வைத்தே காட்டினார்.

அந்தத் தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அக்காமாருக்கு நாங்கள் நன்றியோடு மன்னிப்பும் சொல்ல வேண்டும். படம் எடுக்க எங்கள் பிள்ளைகள் மலைக்குள் ஓடப் பார்த்தபோது ஒருவர் கையை நீட்டித் தடுத்தார். “அந்த மரத்துப் பக்கம் வேணாங்க, குளவி இருக்கு.” வாசனைத் திரவியமும் சத்தமும் குளவிக்கூட்டைக் கலைத்துவிடும். கலைந்தால் ஓட முடியாதவர்கள் முதுகில் கூடை சுமந்து நிற்கிறவர்கள்தான். இன்னொருவர் சொன்னதைச் சுற்றுலா வரும் எல்லோரும் கேட்க வேண்டும்: கூடையை வாங்கி மாட்டிக்கொண்டு படம் எடுக்கிறார்கள், கொழுந்தைப் பிய்த்துப் பார்க்கிறார்கள், அந்தப் பத்து நிமிடம் யாருடைய நிறையில் குறையும்? சம்பளம் நிறையைப் பொறுத்தது. எங்களில் யாரும் அன்று கூடை மாட்டவில்லை. ரோட்டோரம் நின்றே பார்த்தோம். அட்டைக்கடி வாங்கிய ஒரு பிள்ளைக்கு, பிய்த்து எடுக்காமல் உப்பு வைத்து விழ வைத்ததும் அந்த அக்காமார்தான்.

நுவரெலியா நகருக்குள் நிற்காமல் நேரே பதுளை வீதியில் ஐந்து கிலோமீற்றர் போய் சீத்தாஎலிய சீதையம்மன் கோவிலில் இறங்கினோம். அனுமன் பாதம் என்று சொல்லப்படும் குழிகள் பாறையில், ஓடையை ஒட்டி இருக்கின்றன. கோவில் தொண்டர் தம்பி, மழை நம் தலைக்கு மேல் பெய்யாவிட்டாலும் மேல்மலையில் கறுத்திருந்தால் ஓடையில் இறங்க வேண்டாம் என்று நிறுத்தினார். தண்ணீர் திடீரென்று வரும், பாறையில் பாசி. முதியவர்களுக்கு வெறுங்கால் குளிரும் என்று சாக்கு விரித்துத் தந்தார். தம்பி, அந்தச் சாக்கை மறக்க மாட்டோம்.

ஹக்கல பூங்கா அதே வீதியில் இன்னும் கொஞ்சத் தூரம். 1861இல் சிங்கோனா பயிரிட்டுப் பார்க்கத் தொடங்கிய தோட்டம், மலேரியாக் காய்ச்சலுக்குக் கொயினா மருந்து எடுக்கும் மரம் அது. சரிவு அதிகம் என்பதால் வாசல் காவலர் ஐயா சொன்னபடி முதியவர்கள் மேல் பாதையோடு நின்றுகொண்டார்கள்.

சாப்பாட்டைக் கண்டியிலிருந்து வாழையிலைப் பார்சலாகக் கொண்டுபோகச் சொன்ன சமையல் அண்ணனுக்கு நன்றி. மேலே போய் அடுப்பு மூட்டிச் சமைக்கலாம் என்றிருந்தோம். அந்த உயரத்தில் தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடும், சோறும் பருப்பும் வேக நேரம் கூடும், எரிவாயுவும் கூடும், உங்கள் மூன்று மணி தவறிவிடும் என்று தடுத்தார்.

மரக்கறிக் கடை மாமாவுக்கு: கழுவிய கரட் வேண்டாம், மண்ணோடு இருப்பதை வாங்குங்கள் என்றீர்கள். மண் ஒட்டிய கரட் இன்றுவரை கெடாமல் இருக்கிறது. லீக்ஸைத் தாளில் சுற்றிப் பின் ஆசனத்தின் கீழ் வைத்ததால் யாருக்கும் குமட்டவில்லை. ஸ்ட்ரோபெரியைக் கடைசியாக வாங்கிக் கழுவாமல் கொண்டுவந்தோம்.

வீதியோர மண்சரிவை அள்ளிக்கொண்டிருந்த தொழிலாளர்களுக்கும் நன்றி. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மழை மலையகத்துக்குச் செய்ததைப் பார்த்தவர்கள் நீங்கள். மலைநீர் திடீரென்று கலங்கினால், சிறு கற்கள் உருண்டால், மரம் சாய்ந்து நின்றால், அங்கே நிற்காதீர்கள் என்றீர்கள். தேசிய கட்டட ஆய்வு நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிலைகளில் வரும். மஞ்சளுக்கே பயணத்தைத் தள்ளிப்போடுங்கள் என்று நீங்கள் சொன்னதை நாங்கள் அப்படியே ஏற்கிறோம். இடர் முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

கடைசியாக, கிரகரி வாவிக் கரையில் சோளம் சுட்டு விற்கும் அக்கா. கண்டியை விட ஒன்பது பாகை குளிராக இருக்கும் என்று தெரிந்து எல்லோருக்கும் ஸ்வெட்டர் எடுத்துப் போயிருந்தோம், ஆனால் வாவிக் காற்றைக் கணக்கில் எடுக்கவில்லை. ஸ்வெட்டருக்குள் காற்று புகும், மேலே காற்றுப் புகாத ஒன்று வேண்டும். இரண்டு பாட்டிமாருக்கு உதடு நடுங்கியதைக் கண்டு, படகில் ஏற வேண்டாம் என்று தடுத்து, அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, உங்கள் வீட்டுக் கம்பளிகளையே போர்த்தி அனுப்பினீர்கள். “பிறகு குடுங்க” என்றீர்களே தவிர, எங்கே இருக்கிறோம் என்றுகூடக் கேட்கவில்லை.

அக்கா, இரண்டையும் துவைத்துக் காயவைத்தாயிற்று. வரும் சனிக்கிழமை சாரதி அண்ணன் மறுபடியும் ஒரு கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு வருகிறார். பச்சைக் கரை போட்டதும், ஓரம் கொஞ்சம் பிரிந்திருந்ததும். பிரிந்ததைப் பாட்டி தைத்துவிட்டார்.