சர்வர் நின்றால் விளையாட்டும் நிற்க வேண்டுமா? மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
தலைமை ஆணையர் அவர்கள்,
மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம்,
புது டெல்லி.

மதிப்புக்குரியீர்,

வணக்கம். முழு விலைக்கு விற்கப்படும் சில வீடியோ கேம்கள், விற்ற நிறுவனம் தன் சர்வரை (இணையம் வழியாக விளையாட்டை இயக்கும் மையக் கணினியை) நிறுத்தும் நாளில் வாங்கியவரின் கணினியிலும் அடியோடு இயங்காமல் போகின்றன. அந்த நாள் எப்போது வரும், வந்தால் கையில் என்ன மிஞ்சும் என்பதைப் பணம் வாங்கும்போது யாரும் தெளிவாகச் சொல்வதில்லை. இதை 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் ஆணையம் ஆராய்ந்து, வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இந்த மடலை எழுதுகிறோம்.

நாங்கள் ஆர்.கே. புரம், முனிர்கா, மயூர் விஹார் ஆகிய பகுதிகளில் வசிக்கும் தமிழர்கள் சிலர். கல்லூரி மாணவர், மத்திய அரசு ஊழியர், மென்பொருள் துறையில் இருப்பவர் என்று எங்களுக்குள் பலவகையினர் உண்டு. எல்லா வீடியோ கேம்களைப் பற்றியும் பேச எங்களுக்குத் தகுதியில்லை. நாங்கள் நன்கு அறிந்த ஒரு வகையைப் பற்றி மட்டும் பேசுகிறோம்: இரண்டு முதல் நான்கு பேர் ஓரணியாகச் சேர்ந்து, கணினி இயக்கும் எதிரிகளை எதிர்த்து ஆடும் துப்பாக்கி விளையாட்டுகள், அவற்றிலும், ஆடுபவர் திரையில் ஏற்கும் பாத்திரம் நாளுக்கு நாள் வளர்ந்துகொண்டே போகும் வகை. பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்கள்மீது 2025இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் குறிவைத்த ஆட்டங்கள் வேறு, இவை வேறு என்பதை முதலிலேயே தெளிவுபடுத்திவிடுகிறோம். இங்கே பந்தயமும் இல்லை, பரிசுப் பணமும் இல்லை. கடையில் ஒரு பொருளை வாங்குவதுபோல மூவாயிரமோ நாலாயிரமோ கொடுத்து ஒருமுறை வாங்குகிறோம், அவ்வளவுதான்.

துப்பாக்கி என்றதும் முகம் சுளிப்பவர்கள் உண்டு. அவர்கள் இந்த விளையாட்டுகள் உள்ளே எப்படி இயங்குகின்றன என்பதை ஒருமுறை பார்க்க வேண்டும். டென்மார்க்கின் கோஸ்ட் ஷிப் கேம்ஸ் நிறுவனம் 2020இல் முழுமையாக வெளியிட்ட ‘டீப் ராக் கேலக்டிக்’ விளையாட்டில், வேற்றுக் கோளின் குகைகளில் கனிமம் தோண்டும் குள்ளர்களாக நால்வர் இறங்குகிறார்கள். நால்வருக்கும் ஆளுக்கொரு பொறுப்பு உண்டு. இருட்டுக் குகைக்கு ஒளி பாய்ச்சுவது ஸ்கவுட் எனப்படுபவரின் வேலை. எஞ்சினியர் சுவரில் மேடை பதிக்கிறார், டிரில்லர் பாறையைக் குடைந்து வழி செய்கிறார், கன்னர் பள்ளத்தின் குறுக்கே கம்பி கட்டுகிறார். உயரத்தில் ஒட்டியிருக்கும் கனிமத்தை ஸ்கவுட் எட்ட முடியும், ஆனால் அங்கே நின்று வெட்டியெடுக்க எஞ்சினியர் கீழே ஒரு மேடை அமைத்துத் தர வேண்டும். ஒருவர் விழுந்தால் மற்றொருவர் ஓடிவந்து தூக்கிவிட வேண்டும். எதிரில் மனிதர் யாரும் இல்லாததால், தோற்றவர் என்று ஒருவரும் இல்லை. வென்றால் நால்வரும் வெல்கிறார்கள். தில்லியில் காற்று மோசமாகிப் பள்ளிகள் மூடப்படும் நவம்பர் வாரங்களில், இங்கிருக்கும் பிள்ளைகள் மதுரையிலும் கோவையிலும் இருக்கும் அத்தை மகன், சித்தப்பா மகளோடு தமிழில் வாய் ஓயாமல் பேசுவது இந்தக் குகைகளுக்குள்தான். தாத்தாவோடு அலைபேசியில் பேசச் சொன்னால் இரண்டு நிமிடத்துக்கு மேல் பேச்சு வராத பிள்ளைகள் இவர்கள் என்பதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும்.

சுடுவது கையின் திறன். அது ஆடுபவரோடு போய்விடும். பாத்திர வளர்ச்சி அப்படியல்ல. எத்தனையாவது லெவல், எந்தெந்தத் திறன்கள் திறக்கப்பட்டுள்ளன, எந்தத் துப்பாக்கி, எந்தக் கவசம் என்ற விவரமெல்லாம் எங்கோ ஒரு பதிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும். ஆணையம் ஆராய வேண்டிய விஷயம் அந்தப் பதிவு யாருடைய இயந்திரத்தில் இருக்கிறது என்பதில்தான் தொடங்குகிறது.

இந்த வகையைப் பரவலாக்கியவற்றுள் முதன்மையானது, கியர்பாக்ஸ் நிறுவனம் உருவாக்கி 2009 அக்டோபரில் வெளிவந்த ‘பார்டர்லேண்ட்ஸ்’. குழல், பிடி, குறிநோக்கி, தயாரிப்பாளர் என்று உறுப்புகளை மாற்றி மாற்றிக் கோத்து, கணினியே புதுப்புதுத் துப்பாக்கிகளை உருவாக்கித் தரும் ஏற்பாடு அதில் உண்டு. தனியாகவும் ஆடலாம், நால்வராகவும் ஆடலாம். ஆட்கள் கூடக்கூட எதிரிகளின் வலுவும் கூடும். (முதல் இரண்டு பாகங்களில் கீழே விழும் துப்பாக்கி முதலில் எடுத்தவருக்கே சொந்தம் என்பதால் வந்த சண்டைகளைத் தனி மடலாகவே எழுதலாம்.) ஆனால் எங்கள் வாதத்துக்கு முக்கியமானது வேறு. அந்த விளையாட்டில் பாத்திரத்தின் பதிவு ஆடுபவரின் சொந்த இயந்திரத்தில் இருக்கிறது. நண்பர்கள் சேர்ந்தால், அவர்களில் ஒருவரின் இயந்திரமே ஹோஸ்டாக நின்று மற்றவர்களை இணைக்கிறது. கணினிப் பதிப்பில் ஆட்களைச் சேர்த்துவைத்த கேம்ஸ்பை என்ற இடைச் சேவை 2014 மே மாத இறுதியில் மூடப்பட்டபோது, விளையாட்டை ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையின் சேவைக்கு மாற்றிக் கொடுத்தார்கள். வெளிவந்து ஐந்து ஆண்டு ஆகப்போகும் ஒரு விளையாட்டுக்கு அதைச் செய்தார்கள் என்பதை ஆணையம் குறித்துக்கொள்ள வேண்டும்.

இதற்கு நேரெதிரான எடுத்துக்காட்டு, எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்தின் பயோவேர் ஸ்டூடியோ 2019 பிப்ரவரியில் வெளியிட்ட ‘ஆந்தம்’. பறக்கும் கவச உடை அணிந்த நால்வர் சேர்ந்து ஆடும் விளையாட்டு அது. ஆடியவர்கள் பலரும் அதன் பறக்கும் அனுபவத்தைப் பாராட்டினார்கள். மற்றவற்றைக் குறை சொன்னார்கள். அதைச் சீரமைக்கும் முயற்சியும் 2021இல் கைவிடப்பட்டது. விளையாட்டு சோபிக்காமல் போவது வணிகத்தில் நடப்பதுதான், அதில் நுகர்வோருக்குப் புகார் இல்லை. புகார் அதன் கட்டமைப்பைப் பற்றியது. கதைப் பகுதியைத் தன்னந்தனியாக ஆட விரும்பினாலும் நிறுவனத்தின் சர்வரோடு தொடர்பு இருந்தே ஆக வேண்டும். மூடப்போவதாக 2025 ஜூலையில் அறிவித்தார்கள். 2026 ஜனவரி 12 அன்று சர்வர் நின்றது. அன்றோடு, குறுந்தட்டில் வாங்கியவருக்கும் தரவிறக்கி வாங்கியவருக்கும் கதையின் முதல் காட்சிகூட இல்லாமல் போனது.

இடைப்பட்ட நிலை ஒன்றும் உண்டு. பங்கி நிறுவனம் உருவாக்கி 2017இல் விலைக்கு விற்கப்பட்ட ‘டெஸ்டினி 2’ விளையாட்டின் மூலக் கதையும் செவ்வாய், புதன் உள்ளிட்ட சில இடங்களும் 2020 நவம்பரில் விளையாட்டிலிருந்து அகற்றப்பட்டன. விளையாட்டு இன்றும் ஓடுகிறது. ஆனால் 2017இல் காசு கொடுத்தவர் எதற்காகக் கொடுத்தாரோ அந்தக் கதை அதில் இல்லை.

நிறுவனங்களின் தரப்பையும் நியாயமாகப் பார்க்க விரும்புகிறோம். சர்வர் நடத்தப் பணம் செலவாகும் என்கிறார்கள், உண்மைதான். காலமெல்லாம் நடத்துங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. பதிவை ஆடுபவர் கையில் கொடுத்தால் அதைத் திருத்தி ஏமாற்றுவார்கள் என்கிறார்கள். மனிதரோடு மனிதர் மோதும் போட்டி விளையாட்டுகளில் அந்த வாதத்துக்குக் கனம் உண்டு. நண்பர்கள் நால்வர் கணினியை எதிர்த்து ஆடுமிடத்தில் ஒருவர் தன் லெவலைப் பொய்யாக உயர்த்திக்கொண்டால் அதனால் யாருக்கு நட்டம்? சர்வர் மென்பொருளில் பிறரிடம் உரிமம் பெற்ற பகுதிகள் இருப்பதால் அதை வெளியிட முடியாது என்பது மூன்றாவது வாதம். இருப்பதிலேயே வலுவானது அதுதான். தொடக்கத்திலேயே திட்டமிட்டுக் கட்டினால் அந்தச் சிக்கல் எழாது, ஏற்கெனவே கட்டி முடித்தவற்றில்தான் எழும். ஆகவே, புதிய விதி எதுவானாலும் இனி வெளிவரும் விளையாட்டுகளுக்கு மட்டும் பொருந்தட்டும் என்பதை நாங்களே முன்மொழிகிறோம்.

இது முடியாத காரியம் அல்ல என்பதற்கு இதே வகையிலிருந்து சான்று காட்டலாம். ஆர்கேன் ஆஸ்டின் ஸ்டூடியோவின் ‘ரெட்ஃபால்’ 2023 மே மாதம் வெளிவந்தது. நால்வர் சேர்ந்து ரத்தக் காட்டேரிகளை வேட்டையாடும் துப்பாக்கி விளையாட்டு. விமர்சனத்தில் படுதோல்வி. அடுத்த ஆண்டே அந்த ஸ்டூடியோவை மைக்ரோசாஃப்ட் மூடியது. ஆனாலும் 2024 மே மாத இறுதியில் கடைசி அப்டேட்டாக, சர்வர் தொடர்பின்றி ஆடும் ஆஃப்லைன் முறையைக் கொடுத்துவிட்டுத்தான் போனார்கள். ராக்ஸ்டெடி ஸ்டூடியோவின் ‘சூசைட் ஸ்குவாட்: கில் தி ஜஸ்டிஸ் லீக்’ விளையாட்டுக்கும் 2024 டிசம்பரில் ஆஃப்லைன் முறை வந்தது. இன்னும் பின்னோக்கிப் போனால், ஃபிளாக்ஷிப் ஸ்டூடியோஸ் 2007இல் வெளியிட்ட ‘ஹெல்கேட்: லண்டன்’ இருக்கிறது. அடுத்த ஆண்டே நிறுவனம் நொடித்தது, 2009 ஜனவரி இறுதியில் அமெரிக்க சர்வர்களும் நின்றன. இணையத்தில் வளர்த்த பாத்திரங்கள் அதோடு போயின. தனியாக ஆடும் பகுதி மட்டும் வாங்கியவரிடம் தங்கியது. தோற்றுப்போன விளையாட்டுகளுக்கும் மூடப்படும் தறுவாயில் இருந்த ஸ்டூடியோவுக்குமே இது கைகூடியது என்றால், லாபத்தில் இருப்பவர்களுக்கு எது தடை என்று ஆணையம் கேட்கலாம்.

சட்டத்துக்கு வருகிறோம். நியாயமான காரணமின்றி ஒரு தரப்பு மட்டும் தன்னிச்சையாக ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள இடம் தரும் விதியை, 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2(46) பிரிவு நியாயமற்ற ஒப்பந்தத்தின் அடையாளங்களுள் ஒன்றாகச் சொல்கிறது. முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைக்கும் விளம்பரம் தவறாக வழிநடத்தும் விளம்பரம் என்கிறது 2(28) பிரிவு. உரிம ஒப்பந்தத்தை முழுவதும் படித்துத்தானே சம்மதம் கொடுத்தீர்கள் என்று கேட்கலாம். பணம் கட்டி, பல கிகாபைட் தரவிறக்கி முடித்த பிறகு திரையில் நீளும் ஆங்கில ஒப்பந்தம் அது. சம்மதிக்காவிட்டால் விளையாட்டு திறக்காது என்னும்போது, அதைச் சம்மதம் என்று அழைப்பதில் எங்களுக்குத் தயக்கம் இருக்கிறது.

தனித்தனியாக வழக்குத் தொடரலாமே என்பதற்கும் பதில் சட்டத்திலேயே இருக்கிறது. நியாயமற்ற ஒப்பந்தம் பற்றிய புகாரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் விசாரிக்க முடியாது. மாநில ஆணையத்தையோ தேசிய ஆணையத்தையோதான் அணுக வேண்டும். நாலாயிரம் ரூபாய் விளையாட்டுக்காக மாநில ஆணையத்தின் படியேறும் கல்லூரி மாணவரை நாங்கள் இதுவரை கண்டதில்லை. ஒரு தொகுதியாக நுகர்வோரைக் காக்கவே உங்கள் ஆணையம் 2020 ஜூலையில் அமைந்தது. நெறிமுறை வெளியிடும் அதிகாரத்தை 18ஆம் பிரிவு உங்களுக்குத் தருகிறது. அதே அதிகாரத்தைக் கொண்டுதான் 2023 நவம்பரில் இணைய வணிகத்தின் 13 ஏமாற்று உத்திகளைப் பட்டியலிட்டுத் தடைசெய்தீர்கள். வெளிநாடுகளிலும் இந்த விவாதம் சூடுபிடித்திருக்கிறது. எண்முறைப் பொருளை விற்கும்போது வாங்குபவருக்குக் கிடைப்பது உரிமம் மட்டுமே என்றால் அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்ற கலிஃபோர்னியச் சட்டம் 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. விற்ற விளையாட்டுகளை இயங்கும் நிலையில் விட்டுச்செல்லக் கட்டாயப்படுத்தக் கோரும் மனுவில் ஐரோப்பிய ஒன்றியத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டுள்ளார்கள்.

தில்லிவாசிகளான எங்களுக்கு இதில் தனியாக ஓர் ஆதங்கமும் உண்டு. கன்னாட் பிளேஸின் பாலிகா பஜாரில் விளையாட்டுத் தட்டுகளை வாங்கி, ஆடி முடித்துப் பாதி விலைக்குத் திருப்பிக் கொடுத்து, வேறொன்றை எடுத்துவந்த தலைமுறை நாங்கள். அந்தச் சந்தையில் போலிகளும் மலிந்திருந்தன என்பதை மறைக்கவில்லை. ஆயினும் அசல் தட்டை வாங்கியவருக்கு அதை விற்கவும், தம்பிக்குக் கொடுக்கவும், பரணில் போட்டுவைத்துப் பத்தாண்டு கழித்து எடுத்து ஆடவும் முடிந்தது. அந்த உரிமைகளுள் முதலிரண்டும் தரவிறக்க விற்பனை வந்ததோடு ஓசையின்றிப் போய்விட்டன. மூன்றாவதையாவது காத்துத் தாருங்கள் என்கிறோம்.

ஆகவே, இந்தியாவில் விலைக்கு விற்கப்படும் எந்த விளையாட்டுக்கும், அது இயங்க நிறுவனத்தின் சர்வர் தேவையா என்பதும், குறைந்தபட்சம் எந்தத் தேதிவரை அந்த சர்வர் நடத்தப்படும் என்பதும், விலைக்கு அருகிலேயே அதே அளவு எழுத்தில் அறிவிக்கப்பட வேண்டும். நிறுத்துவதாக முடிவெடுத்தால் போதிய கால அவகாசத்தோடு அறிவிக்க வேண்டும். அறிவித்த நாள்முதல் விளையாட்டுக்குள் பணம் கொடுத்து வாங்கும் உடை, ஆயுதம், நாணயம் எதையும் விற்கக் கூடாது. எல்லாவற்றையும்விட எங்களுக்கு முக்கியமானது இது: கணினியை எதிர்த்து ஆடும் பகுதிகளைப் பொறுத்தவரை, நிறுத்தும் முன் ஆஃப்லைனில் ஆடும் வழியையோ, நண்பர்களே ஹோஸ்ட் செய்துகொள்ளும் வழியையோ கொடுத்து, எங்கள் பாத்திரங்களின் பதிவை எங்கள் இயந்திரத்துக்கு இறக்கிக்கொள்ள விட வேண்டும். இவற்றில் ஒன்றும் முடியாது என்பவர் விற்கக் கூடாது. மாதச் சந்தா வாங்கட்டும். அப்போது எதற்குப் பணம் கட்டுகிறோம் என்பதாவது எங்களுக்குத் தெரிந்திருக்கும்.

ஏமாற்று உத்திகள் பற்றிய நெறிமுறைகளுக்கு 2023இல் வரைவை வெளியிட்டுப் பொதுமக்களின் கருத்தைக் கேட்டீர்கள். இதற்கும் அவ்வாறே ஒரு வரைவை வெளியிட வேண்டுகிறோம். ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமின்றித் தமிழிலும் பிற மொழிகளிலும் அது வெளிவந்தால், எங்களோடு ஆடும் திருநெல்வேலித் தம்பிகளும் தங்கள் கருத்தை எழுதி அனுப்புவார்கள். தொழில்துறையினரோடு ஆணையம் கலந்தாலோசிக்கும்போது ஆடுபவர்கள் தரப்புக்கும் ஓர் இருக்கை ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். நாங்கள் இதே நகரில்தான் இருக்கிறோம். அழைத்தால், வாங்கிய ரசீதுகளையும் உரிம ஒப்பந்தங்களின் நகல்களையும் எடுத்துக்கொண்டு நேரில் வருகிறோம்.

இப்படிக்கு,
தில்லியில் வாழும் தமிழ் விளையாட்டாளர்கள் சிலர்